குளிரில் ஏமாற்றும் கூலர்: ஓவர்குளொக் செய்த கணினியில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுவரெலியாவில் ஜனவரி மாத விடியலில் கூலரைப் பொருத்திச் சோதித்தபோது சிபியு (கணினியின் மையச் செயலி) 68 பாகை காட்டியது என்பதற்காக கூலர் சரியாகப் பொருந்திவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. அந்த நேரத்தில் அறைக்குள் 11 பாகைதான் இருந்திருக்கும். அப்படியென்றால் சிபியு காற்றைவிட 57 பாகை சூடாக நிற்கிறது. அதே பெட்டி ஏப்ரல் நண்பகலில் பதுளையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே 30 பாகைக் காற்றை இழுத்தால் 87க்குப் போகும். இன்டெல் சிபியுக்கள் பல 100 பாகையில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; ஏஎம்டியின் ரைசன்களில் பல 90இலோ 95இலோ அதைச் செய்யும். மிச்சம் இருப்பது கொஞ்ச இடம்தான். மலையகத்தில் கூலர் சோதிப்பவர் முதலில் பழக வேண்டியது இந்த வித்தியாசக் கணக்குக்கு. கீழே வரும் அறிகுறிகள் பாதிக்கு மேல் அதை வைத்தே பிரியும்.

அறிகுறிக்கு முன் அளவெடுப்பு

மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், வயர் நுனியில் சென்சர் உள்ள டிஜிட்டல் வெப்பமானி போதும். சென்சரை கேசிங்கின் முன் விசிறிக்கு ஐந்து சென்றிமீற்றர் முன்னால், எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்ப வேண்டாம். மலைநாட்டில் சுவர் பெரும்பாலும் அறைக் காற்றைவிடக் குளிர்.

அடுத்தது பயோஸ் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை). சோதனை முடியும் வரை குளொக், வோல்டேஜ் இரண்டையும் நிலையான எண்ணில் பூட்டுங்கள். தானியங்கி பூஸ்ட் இருந்தால் சிபியு குளிரில் கூடுதல் வொட் இழுத்து, சூட்டில் குறைத்து, கூலரின் குறையை மறைத்துவிடும். விசிறிகள் எல்லாம் 100 சதவீதத்தில் ஓடட்டும். பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருளைத் திறந்து, வாசிப்பு இடைவெளியை 2000 மில்லிசெக்கனிலிருந்து 500க்கு இறக்கி, பதிவை ஓட விடுங்கள். சுமைக்கு சினிபெஞ்ச் ஆர் 23ஐ 30 நிமிடச் சோதனையில் போடலாம். இன்னும் கடுமையாக வேண்டுமென்றால் பிரைம் 95இன் ஸ்மோல் எஃப்எஃப்டி. பிரைம் 95இல் ஏவிஎக்ஸை (சிபியுவை அதிகம் உழைக்க வைக்கும் கட்டளைத் தொகுதி) நிறுத்தியா நிறுத்தாமலா சோதித்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடையே வொட் கணக்கு வெகுவாக மாறும், பிறகு ஒப்பிட முடியாது.

இருபது நிமிடம் கழிந்த பின் கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரியை எடுங்கள்: சிபியு பெக்கேஜ் வெப்பநிலை, பெக்கேஜ் பவர், காற்று வெப்பநிலை, விசிறியின் சுற்று வேகம். வெப்பநிலையிலிருந்து காற்றைக் கழித்து வொட்டால் வகுங்கள். 73 பாகை, காற்று 16, பவர் 140 வொட் என்றால் 57ஐ 140ஆல் வகுக்க, வொட்டுக்கு ஏறத்தாழ 0.41 பாகை. இந்த எண்தான் உங்கள் கூலரின் அடையாளம். காலையிலும் மாலையிலும், ஹட்டனிலும் கண்டியிலும் அது பெரிதாக மாறக்கூடாது. மாறினால் ஏதோ தளர்ந்திருக்கிறது, அடைபட்டிருக்கிறது, அல்லது அளவெடுப்பு பிழை. ஒன்றைக் கவனியுங்கள்: இது ஒரே சிபியுவில் முன்-பின் ஒப்பிட மட்டுமே உதவும். வேறு சிபியுவில் வேறொருவர் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது வீண் வேலை, ஏனென்றால் சிலிக்கனின் பரப்பும் அதன்மேல் உள்ள உலோக மேல்மூடியும் சிபியுவுக்குச் சிபியு வேறு. புதிய கூலரைப் பொருத்தும் முன் பழைய கூலரோடு, ஓவர்குளொக் (சிபியுவை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இல்லாமல், இந்த எண்ணை ஒரு தரம் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் "முன்னேற்றம்" என்று எதையும் சொல்ல முடியாது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1870 மீற்றர். அங்கே வளியமுக்கம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். விசிறி அதே சுற்றில் அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும், அந்தக் காற்றில் நிறை குறைவு. அது சுமந்து போகும் வெப்பமும் குறைவு. கணக்குப் பார்த்தால் இது சில பாகைக்குமேல் வராது. குளிர் அதை எளிதாக ஈடுகட்டிவிடும். கூலரின் செம்புக் குழாய்களுக்குள் இருக்கும் நீர் மேலே வேறு மாதிரி கொதிக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. குழாய்கள் காற்று வெளியேற்றி அடைக்கப்பட்டவை, வெளி அமுக்கம் உள்ளே எட்டாது.

பொருத்தியதும் திரை வரவில்லை, அல்லது ரேமில் பாதியைக் காணவில்லை

சிபியு அருகே உள்ள எட்டு முனை பவர் வயர் கூலர் பொருத்தும்போது கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசிறி வயரை சிபியு ஃபேன் முனைக்குப் பதில் கேசிங் விசிறியின் முனையில் செருகியிருந்தால் "சிபியு விசிறி இல்லை" என்ற எச்சரிக்கையோடு பயோஸ் நின்றுவிடும். வயரை மாற்றினால் தீர்ந்தது.

எட்டு கிகா ரேம் இரண்டில் ஒன்று மட்டும் தெரிகிறது, அல்லது ஒரு சனல் மொத்தமாக இல்லை என்றால் ரேமைக் குறை சொல்லாதீர்கள். சிபியுவின் அடியில் உள்ள தொடுபுள்ளிகளில் சில ரேமுக்குப் போகின்றன. கூலரை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கினால் அந்தப் புள்ளிகள் சொக்கெட்டின் (சிபியு உட்காரும் இடத்தின்) ஊசிகளை விட்டு விலகும். நான்கு திருகாணிகளையும் குறுக்காக அரைச் சுற்று தளர்த்தி மறுபடி தொடக்கிப் பாருங்கள். வந்துவிட்டால் இறுக்கத்தின் சமநிலைதான் பிரச்சினை. வரவில்லை என்றால் கூலரையும் சிபியுவையும் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஊசிகளைப் பாருங்கள். வளைந்த ஊசி ஒளியில் வரிசையை விட்டுத் தனியே மினுங்கும்.

சுமை ஏற்றியதும் சில செக்கன்களில் 95, 100

இது தொடுகைப் பிழை. காற்றோட்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சூடாவதற்கு நிமிடங்கள் ஆகும், ஏனென்றால் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ உலோகம் சூடாக வேண்டும். சில செக்கனில் உச்சிக்குப் போகிறது என்றால் வெப்பம் அந்த உலோகத்துக்குப் போகவே இல்லை. உறுதிப்படுத்த, கூலரின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள்: சிபியு 98 காட்டும்போது தகடுகள் கைக்குச் சாதுவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் துல்லியமான சோதனை ஒன்று உண்டு. இருபது நிமிடம் சுமையில் ஓடவிட்டு, சட்டென நிறுத்தி, பதிவில் இறங்குவதைப் பாருங்கள். முதல் ஓரிரண்டு செக்கனில் விழும் பாகை, சிலிக்கனுக்கும் கூலரின் அடித்தளத்துக்கும் இடையிலான தடையைச் சொல்லும். அதன்பின் நிமிடக்கணக்கில் மெல்ல இறங்குவது, தகடுகளுக்கும் காற்றுக்கும் இடையிலான தடை. ஒற்றைக் கோபுரக் கூலரில் 140 வொட்டில் மொத்த வித்தியாசம் 57 என்றால், 30, 35 பாகை சட்டென விழுந்து மிச்சம் மெல்ல இறங்குவது வழமையானது. இன்றைய சிபியுக்களில் சிலிக்கன் மிகச் சிறியது, ஆகவே நல்ல பொருத்தத்திலும் முதல் வீழ்ச்சி பெரிதாகவே இருக்கும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 50 பாகை ஒரே நொடியில் விழுந்தால்தான் பேஸ்ட்டையும் (சிபியுவுக்கும் கூலருக்கும் இடையே பூசும் வெப்பப் பசை) இறுக்கத்தையும் பார்க்க வேண்டும்.

காரணங்களை இலகுவானதிலிருந்து தேடுங்கள். அடித்தளத்தில் ஒட்டிய கண்ணாடித் தாள் உரிக்கப்படாமல் இருப்பது இன்றும் நடக்கிறது. அடுத்தது தவறான தாங்கி. இன்டெல்லின் எல்ஜிஏ 1156 முதல் 1200 வரையான சொக்கெட்டுகளில் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர். எல்ஜிஏ 1700இல் அது 78. அதோடு 1700இல் சிபியுவின் மேற்பரப்பும் பழையதைவிடச் சற்றுத் தாழ்வு. நீள்வட்டத் துளை போட்ட பழைய தாங்கியை இழுத்துப் பிடித்து மாட்டிவிடலாம், திருகாணியும் இறுகியது போலத் தோன்றும், ஆனால் அழுத்தம் போதாது. 1700க்குரிய தாங்கியும் கம்பமும் கூலரோடு வந்திருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தவுடனே பாருங்கள். ரைசனின் ஏஎம் 4, ஏஎம் 5 சொக்கெட்டுகள் இரண்டிலும் துளை இடைவெளி ஒன்றே, ஆனால் ஏஎம் 5இல் பின்தகடு சொக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றக்கூடாது. ஏஎம் 4 போர்டைக் கைமாறி வாங்கும்போது மூலப் பின்தகடும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல கூலர்கள் அதையே நம்பி இருக்கின்றன. தனியே தேடி அலைவது கண்டி வரைக்கும் போனாலும் எளிதல்ல.

பிறகு பேஸ்ட். மலையகத்தில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இதில் உண்டு. விடியற்காலைக் குளிரில் பல பேஸ்ட்டுகள் கெட்டியாகி, அழுத்தினாலும் பரவாமல் நடுவில் மேடாக நிற்கும். சிரிஞ்சை மூடியோடு ஒரு பொலிதீன் பையில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். ஏஎம் 4, ஏஎம் 5க்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு. எல்ஜிஏ 1700 நீள்சதுரம், ஆகவே நீளவாக்கில் ஒரு கோடு. குழாய்களே நேராகச் சிபியுவில் படும் வகைக் கூலரில் குழாய்களுக்கு இடையே பள்ளங்கள் இருக்கும். முதலில் பழைய வங்கி அட்டை ஒன்றால் அந்தப் பள்ளங்களை நிரவி, பிறகு குழாய்களின் மேல் இரண்டு மூன்று மெல்லிய கோடுகள். திருகாணிகளைக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று மாறிமாறி இறுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த திருகாணி ஒரு கட்டத்தில் தானே நின்றுவிடும். அதற்குமேல் பலம் காட்ட வேண்டாம்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோல் வேண்டும். பாமசியில் சர்ஜிகல் ஸ்பிரிட் என்று கேட்டால் தருவதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கக்கூடும்; தோலுக்கு நல்லது, செம்புக்கு அல்ல. எண்ணெய்ப் படலம் மிஞ்சும்.

பொருத்தி முடிந்ததும் ஒரு தரம் கழற்றி, பேஸ்ட் பதிந்த தடத்தைப் பார்ப்பது பேஸ்ட் வீணாவதற்குத் தகும். சிபியுவின் நடுப்பகுதியில் பேஸ்ட் மெல்லியதாக, அடியில் உலோகம் மங்கலாகத் தெரியும்படி இருக்க வேண்டும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு என்றால் அழுத்தம் போதாது அல்லது மேல்மூடி வளைந்திருக்கிறது. கழற்றும்போது ஏஎம் 4இல் கவனம்: குளிர்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்து, சிபியுவை சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டே வரும், ஊசிகள் வளையும். பத்து நிமிடம் சுமையில் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகித் தளர்த்திய பின்பே தூக்குங்கள்.

ரைசன் 7000 வரிசைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. இவற்றில் பல முழுச் சுமையில் 95 பாகை வரை தாமாக ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை. எந்தக் கூலர் மாட்டினாலும் 95 தெரியலாம். இங்கே பாகையைப் பார்ப்பதில் பயனில்லை. 95இல் நிற்கும்போது எத்தனை வொட் இழுக்கிறது, எத்தனை மெகாஹேர்ட்ஸ் ஓடுகிறது என்று பாருங்கள். பொருத்தம் திருந்தத் திருந்த வொட் கூடும்.

மெல்ல மெல்ல ஏறி, கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு

தகடுகளும் கொதிக்கின்றன என்றால் பொருத்தம் சரி, காற்று சரியில்லை. கேசிங்கின் பக்கக் கதவைத் திறந்து வைத்து அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் ஐந்து பாகைக்கு மேல் குறைந்தால் கேசிங்குக்குள் காற்று போதாது. குறையவே இல்லை என்றால் கூலரின் விசிறியைப் பாருங்கள்.

விசிறியின் சட்டத்தில் பெரும்பாலும் இரண்டு அம்புகள் இருக்கும். அம்பு இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சாமி அறை ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து முன் விசிறிக்கருகே பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்னிருந்து இழுத்து, கூலர் வழியாக, பின்னால் வெளியேற வேண்டும். கூலருக்கு இரண்டு விசிறி மாட்டியிருந்தால் இரண்டும் ஒரே திசையில் தள்ள வேண்டும். எதிரெதிராக மாட்டினால் தகடுகளுக்கு நடுவில் காற்று நின்றுவிடும், சத்தம் மட்டும் கூடும்.

உயரமான ரேம் இருந்தால் முன் விசிறியை மேலே தள்ளி மாட்டுவார்கள். அப்போது கூலரின் உயரம் கூடி, பக்கக் கதவு விசிறியின் மேல் முட்டும். நொக்டுவா என்எச்-டி15இன் உயரம் 165 மில்லிமீற்றர், டீப்கூல் ஏகே 400 155. கேசிங்கின் தாளில் எழுதியிருக்கும் சிபியு கூலர் உயர எல்லையை வாங்கும் முன்பே பாருங்கள்.

இன்னொன்று: குளிருக்காக ஜன்னல், கதவு எல்லாம் அடைத்து, கணினியை மேசையின் மூடிய தட்டுக்குள் வைத்திருப்பார்கள். கணினி தான் வெளியே விட்ட சூட்டைத்தானே மறுபடி இழுக்கும். வெப்பமானியின் சென்சர் அறையைவிட எட்டுப் பத்துப் பாகை கூடுதலாகக் காட்டினால் பெட்டியை வெளியே எடுங்கள்.

ஒரு கோர் மட்டும் தனியே கொதிக்கிறது

இன்டெல்லில் எல்லாக் கோர்களிலும் ஒரே சுமை இருக்கும்போது 8, 10 பாகை வித்தியாசம் இயல்பு. நடுக்கோர்கள் ஓரத்துக் கோர்களைவிடச் சூடாகவே இருக்கும். 15ஐத் தாண்டினால் பேஸ்ட்டின் பதிவைப் பாருங்கள். எல்ஜிஏ 1700இல் சொக்கெட்டின் பிடிப்புச் சட்டம் நீளப்பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால் மேல்மூடி கொஞ்சம் குழிந்துவிடும். அதற்கென்று விற்கும் கொன்டாக்ட் ஃபிரேம் சட்டம் அழுத்தத்தை நாலா பக்கமும் பரப்பும். பொருத்தினால் சில பாகை குறையும், ஆனால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். திருகாணிகளை விரலால் முட்டும் வரை இறுக்கிய பின் சிறிதளவே கூட்ட வேண்டும். மிகையாக இறுக்கினால் மேலே சொன்ன ரேம் பிரச்சினை திரும்பி வரும்.

ரைசனில் கதை வேறு. சிலிக்கன் துண்டுகள் மேல்மூடியின் நடுவில் இல்லை, ஓரமாக இருக்கின்றன. இரண்டு கோர்த் துண்டு உள்ள மொடல்களில் ஒன்று மற்றதைவிடச் சூடாக இருப்பதைக் கூலரின் பிழையாக எடுக்காதீர்கள்.

காலையில் நிலையாக ஓடியது, பகலில் நீலத்திரை

மலையகத்தில் ஓவர்குளொக் செய்பவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். சிபியு இழுக்கும் பவர் ஏறத்தாழ குளொக்கோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 4.6 கிகாஹேர்ட்ஸ், 1.20 வோல்டில் 110 வொட் இழுக்கும் சிபியுவை 5.0 கிகாஹேர்ட்ஸ், 1.35 வோல்டுக்கு ஏற்றினால் 151 வொட் அளவுக்கு வரும். வொட்டுக்கு 0.41 பாகை கூலரில் வித்தியாசம் 45இலிருந்து 62க்கு ஏறும். 16 பாகை அறையில் 78 என்று தெரிவதால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். 30 பாகைக் காற்றில் அதுவே 92.

92 என்பதே எல்லைக்குள்தானே என்று விட்டுவிட முடியாது. சூடு ஏற ஏற அதே வோல்டேஜில் கசிவு மின்னோட்டம் கூடும், வொட் இன்னும் ஏறும். அதே குளொக்கை நிலையாக ஓட்ட சிபியுவுக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டிவரும். 78இல் பிழையில்லாமல் ஓடிய 1.35 வோல்ட் 92இல் போதாமல் போகும். வருவது அந்த நீலத்திரை.

ஆகவே நிலைத்தன்மைச் சோதனையைக் குளிரில் முடிக்காதீர்கள். அறைக் காற்றைச் சூடாக்க முடியாவிட்டால் விசிறி வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, சிபியு நீங்கள் எதிர்பார்க்கும் மிகச் சூடான நாளின் பாகைக்கு வரும்வரை கொண்டுபோய், அந்த நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கே பிழை வந்தால் 50 அல்லது 100 மெகாஹேர்ட்ஸ் இறக்குங்கள். வோல்டேஜைக் கூட்டுவது இன்னும் சூட்டைக் கூட்டும், துரத்திப் பிடிக்க முடியாத ஓட்டமாகிவிடும். கணினி பதுளை, பசறைப் பக்கமோ கொழும்புக்கோ போகப்போகிறது என்றால் காற்றை 32 பாகையாக வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சூடும் இல்லை, வேகமும் இல்லை

பாகை 65இல் நிற்கிறது, ஆனால் குளொக் சுமையில் விழுகிறது. கூலரில் கை வைக்காதீர்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் பவர் லிமிட் வரி "ஆம்" என்று காட்டினால் பயோஸில் நீண்ட நேர, குறுகிய நேர பவர் எல்லைகளை உயர்த்த வேண்டும். ரைசனில் அந்த எல்லையின் பெயர் பிபிடி. 65 வொட் வகை ஏஎம் 4 சிபியுவுக்கு அது 88 வொட், 105 வொட் வகைக்கு 142.

பவர் எல்லையும் இல்லை என்றால் போர்டில் சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் பகுதியைப் பாருங்கள். சிபியுவோடு வந்த மூலக் கூலர் கீழ்நோக்கி ஊதியதால் அந்தப் பகுதிக்கும் காற்று கிடைத்தது. கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் அது நின்றுபோகும். விஆர்எம்மில் வெப்பத்தகடே இல்லாத மலிவான போர்ட்களில் இதுவே முதலில் திணறும். பின் விசிறியோடு மேல் விசிறி ஒன்றும் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

இரவு ஏழிலிருந்து பத்து வரை மட்டும் ரீஸ்டார்ட்

நேரம் பார்த்து வரும் பிழை கூலருடையது அல்ல. ஊரெல்லாம் விளக்கும் ரைஸ் குக்கரும் போடும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்து லயங்களில் 230 வோல்ட் வெகுவாக இறங்கும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள். கேர்னல் பவர் 41 (கணினி திடீரென நின்றதன் பதிவு) மட்டும் இருந்து, டபிள்யூஎச்இஏ (வன்பொருள்) பிழை 18, 19 எதுவும் இல்லை என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். 18, 19 இருந்தால் ஓவர்குளொக்கைத்தான் பார்க்க வேண்டும். சுமை ஓடும்போது பவர் சப்ளையின் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே மல்டிமீற்றர் வையுங்கள், 11.4 வோல்டுக்குக் கீழே போகக்கூடாது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் வாசிப்பு பல போர்ட்களில் பொய்.

அதே ஓவர்குளொக்கை விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த செலவு யூபிஎஸ் அல்லது நல்ல பவர் சப்ளை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் மாலைகளில் சோதனையே வேண்டாம், பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

அறையைவிடக் குறைந்த பாகை காட்டுகிறது

காற்றால் குளிர்விக்கும் கூலரில் சிபியு காற்றைவிடக் குளிராக இருக்கவே முடியாது. அறை 16, சிபியு 13 என்றால் சென்சர் பிழை. இன்டெல் சென்சர்கள் உச்ச எல்லைக்கருகில்தான் துல்லியம். சும்மா இருக்கும்போது காட்டுவது உத்தேசம். எதிர்ப்பக்கமும் உண்டு: ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் தமது கட்டுப்பாட்டு வெப்பநிலையில் 20 பாகையைக் கூட்டியும், 2700எக்ஸ் 10ஐக் கூட்டியும் சொல்லும். எந்த வரியை வாசிக்கிறீர்கள் என்று பாருங்கள். மூடுபனி நாளில் கூலரில் நீர் படியுமோ என்ற பயமும் இதே காரணத்தால் வேண்டாததுதான். ஓடும் கணினி சுற்றுக் காற்றைவிட எப்போதும் சூடு.

விசிறி ஏறி இறங்கி ஊளையிடுகிறது

சிபியு பாகை ஒரு செக்கனில் 20 தாவும். விசிறி அதைத் துரத்தும். பயோஸில் விசிறி ஏறும் தாமதத்தை மூன்று நான்கு செக்கன், இறங்கும் தாமதத்தை அதைவிட நீளமாக வையுங்கள். மூன்று முனை விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடினால் பயோஸில் அந்த முனையின் கட்டுப்பாட்டு முறையை பிடபிள்யூஎம்மிலிருந்து டிசிக்கு மாற்றுங்கள்.

கைமாறி வாங்கிய கூலர், எல்லாம் சரி, ஆனாலும் சூடு

செம்புக் குழாய் ஒன்று செத்திருக்கலாம். வளைந்தோ நசுங்கியோ விரிசல் விட்டோ உள்ளே காற்று புகுந்தால் அந்தக் குழாய் வெறும் செம்புக் கம்பிதான். விசிறியைக் கழற்றி, ஃபிளாஸ்க் சுடுதண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அடித்தளத்தை மட்டும் இரண்டு சென்றிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்துங்கள். மேலே தகடுகளுக்கு வெளியே தெரியும் குழாய் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். நல்ல குழாய்களின் நுனிகள் சில செக்கன்களில் ஒன்றாகச் சூடேறும். ஒன்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் அது போய்விட்டது, திருத்த வழியில்லை. வாங்கும் முன் இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

அடித்தளத்தில் வெள்ளிப் படிவம் தெரிந்தால் முந்தியவர் திரவ உலோகம் பூசியிருக்கிறார். செம்பில் அது கறையாக மட்டும் நிற்கும்; அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினிய அடித்தளம் என்றால் வாங்க வேண்டாம்.

மாதம் போகப் போக எண் ஏறுகிறது

0.41ஆக இருந்தது 0.50 ஆகியிருக்கிறது. அடுப்படிக்குப் பக்கத்துக் காம்பராவில் கணினி இருந்தால் மிலாறு (தேயிலைச் செடி விறகு) எரியும் புகையின் கரி தகடுகளில் பிசுபிசுப்பாகப் படியும். பெக்டரிக்கருகே என்றால் பஞ்சு போன்ற தேயிலைத் தூசு அதன் மேல் ஒட்டி, முன் விசிறிக்குப் பின்னால் கம்பளி போலப் படர்ந்துவிடும். விசிறிப் பக்கமிருந்து பார்த்தால் சுத்தம் போல இருக்கும். விசிறியைக் கழற்றினால்தான் தெரியும்.

காய்ந்த தூசு என்றால் தூரிகையும் ஊதுகருவியும் போதும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். பிசுபிசுப்புக்கு அது சரிவராது. விசிறியை நீக்கிய கூலர் வெறும் செம்பும் அலுமினியமும்தான். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பல் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசலாம். தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெயிலை நம்ப முடியாது. ஹெயார் டிரையரால் காயவைத்து ஒரு நாள் கழித்து மாட்டுங்கள். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் கழுவிய வேலை வீண். கழுவியும் எண் இறங்கவில்லை என்றால் பேஸ்ட் சூடேறிச் சூடேறி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

பஸ்ஸில் கொண்டுபோன பின் கெட்டது

என்எச்-டி15 விசிறிகளோடு 1.3 கிலோவுக்கு மேல். நிமிர்ந்த கேசிங்கில் அவ்வளவும் மதர்போர்டின் நான்கு துளைகளில் நெம்புகோலாகத் தொங்குகிறது. கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிப் போனால் திருகாணி தளரும், போர்ட் வளையும், ஏஎம் 4இன் பிளாஸ்டிக் கொக்கி முறியும். கோபுரக் கூலரைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். கழற்ற முடியாவிட்டால் மதர்போர்ட் கீழே, கூலர் மேல்நோக்கி நிற்கும்படி கேசிங்கைப் படுக்க வைத்து, மடியிலோ இருக்கையிலோ கொண்டுபோங்கள், டிக்கியில் போடாதீர்கள். நுவரெலியாக் குளிரிலிருந்து கொழும்புக்கு இறக்கியதும் உடனே ஒன் செய்ய வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் தாழ்நிலத்து ஈரக்காற்று நீராகப் படியும். பெட்டியை மூடியபடியே இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு திறந்து திருகாணிகளைக் குறுக்காக ஒரு தரம் சரிபார்த்து, வித்தியாசக் கணக்கைப் புதிய காற்றில் மறுபடி எடுங்கள்.